உவர்மலைப் பாமசியில் பிரஷர் பார்ப்பது

அப்பாவுக்குப் பிரஷர் பார்க்க, திருகோணமலை உவர்மலையில் வீட்டுக்குப் பக்கத்துப் பாமசிக்குத்தான் போவோம். அங்குள்ள அக்கா 5 நிமிடம் கதிரையில் சும்மா இருக்கவிட்டு, கையை மேசையில் வைத்து, அப்புறம்தான் பட்டியைச் சுற்றுவார். எழும்பும்போது தலை சுற்றுகிறது என்று அப்பா சொன்னதிலிருந்து, நிற்க வைத்தும் ஒருமுறை பார்க்கிறார்.

டொக்டர் ஏன் மருந்தை இவ்வளவு மெதுவாகக் கூட்டுகிறார் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் மூளையின் சிறு நாடிகள் தாமே சுருங்கி விரிந்து இரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும். பல வருடம் கூடின பிரஷரில் இருந்தவருக்கு அப்படிச் சீராக வைத்திருக்கக்கூடிய பிரஷர் எல்லையே மேலே நகர்ந்துவிடும், சட்டென்று இறக்கினால் மூளைக்கு இரத்தம் போதாது என்றார். கீழ் எண்ணையும், அதாவது இதயம் தளரும்போதுள்ள பிரஷரையும், விடாமல் எழுதித் தருவார். இதயத்தின் இடப்பக்கத் தசைக்கு இரத்தம் கூடுதலாகப் போவது அது தளரும் நேரத்தில்தானே. பின்னேரம் சரியான கூட்டம், காலையில் போங்கள்.