கண்காட்சியில் வாங்கிய வாசனை மெழுகுவத்தி: ஏற்றும் முன் படியுங்கள்

சென்ற ஆனி மாதம் கோவையில் நடந்த ஒரு கண்காட்சியில், கண்ணாடிக் குவளையில் வார்த்த வாசனை மெழுகுவத்திகள் மூன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். மேற்பரப்பில் காய்ந்த ரோஜா இதழ்களையும் பட்டைத் துண்டுகளையும் பதித்து, சோயா மெழுகு என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். ரசீது கேட்டபோது, “எதுனாலும் கூப்பிடுங்கக்கா, நாங்க இருக்கறோம்ங்க” என்று சொல்லி விலாசமில்லாத ஓர் அட்டையைத் தந்தார்கள். நானும் வற்புறுத்தவில்லை; வற்புறுத்தியிருக்க வேண்டும்.

உடுமலைப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில், இரண்டு வாரங்களாக மாலைதோறும் அவற்றில் ஒன்றை ஏற்றி வந்தோம். மெழுகு குறையக் குறைய இதழ்களும் பட்டையும் திரியை ஒட்டிச் சேர்ந்துவிட்டன. அடியில் கொஞ்சமே மீந்திருந்த ஒரு மாலையில், அவையும் திரிகளைப் போலப் பற்றிக்கொண்டு குவளை முழுதும் ஒரே சுவாலையாக எழுந்தது; நான் அருகில் போவதற்குள் அடிக்கண்ணாடி விரிந்து, எரியும் மெழுகு டீபாயின் மேல் வழிந்து செய்தித்தாளைத் தொட்டுவிட்டது. அம்மிச்சி பதறிப்போய்ச் சொம்புத் தண்ணீரை ஊற்ற வந்தார். அவரைத் தடுத்து, சமையலறையிலிருந்த பெரிய போசியைக் கவிழ்த்து மூடியதால் தீ அணைந்தது. எரியும் மெழுகில் தண்ணீரை ஊற்றினால், அது மெழுகின் அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, தீயோடு மெழுகை நாலாபுறமும் தெறிக்கவிடும். அம்மிச்சியின் முகத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணினால் இன்றும் கை நடுங்குகிறது.

மறுநாள் அட்டையிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். “நீங்க எரிச்ச விதந்தான் சரியில்லைங்க, அரை இஞ்சு இருக்கறப்பவே நிறுத்தியிருக்கோணும்ங்க” என்றார் விற்றவர். அவர் சொன்ன அளவு சரியானதுதான்: மெழுகு அதற்கும் கீழே இறங்கினால் சுடரின் வெப்பம் நேராகக் கண்ணாடியின் அடியில் ஏறும், சாறு குடிக்கும் மெல்லிய டம்ளர் அதைத் தாங்காது. ஆனால் இதை அறிந்திருந்தவர் குவளையின் அடியில் ஒரு வரி அச்சிடவில்லை, விற்கும்போது வாயாலும் சொல்லவில்லை. தீப்பற்றும் இதழ்களைத் தாமே பதித்தும் கொடுத்திருக்கிறார். என் மனக்குறை இதுதான்.

ஆகவே, சுடர் படும் இடத்தில் பூவோ பட்டையோ பதித்த மெழுகுவத்தியை, எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்காதீர்கள். வெப்பம் தாங்கும் தடித்த கண்ணாடியா என்று கேளுங்கள். சோயா என்ற சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், திரி நீண்டால் எந்த மெழுகும் கரிப்புகை விடும். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, தயாரித்தவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை ஆகியவை உறையில் இருக்க வேண்டும். நான் வாங்கியதில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

ஏற்றும்போது, ஒவ்வொரு முறையும் திரியைக் கால் அங்குலத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். முதல்முறை மேற்பரப்பு விளிம்புவரை உருகும்வரை எரியவிடாவிட்டால், பிறகு நடுவில் மட்டுமே குழி விழுந்துகொண்டு போகும். ஆயினும் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரியவிடக் கூடாது. நம் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மேற்குச் சன்னலில் நுழைந்து சுடரை ஒருபுறமாகச் சாய்க்கும், அப்போது கண்ணாடியின் அந்தப் பக்கம் மட்டும் அதிகமாகச் சூடேறும். மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் இதே கதைதான். அணைப்பதற்கு ஊத வேண்டாம், மூடியால் மூடினால் போதும்.

மீதமிருந்த இரண்டு குவளைகளை ஏற்றாமல், உடைந்ததன் படங்களோடு பத்திரப்படுத்தியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரும் பதிந்துவிட்டேன்.