ஊதச் சொல்வதா, ஊசி போடுவதா?

அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கென்றால் போலீஸ் முக்கியமாக நம்புவது இரண்டு சோதனைகளை: மூச்சு, ரத்தம்.

மூச்சுக் கருவி ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. மூச்சிலுள்ள ஆல்கஹாலை அளந்து, 2,100 மடங்கு என்ற பொதுக் கணக்கில் ரத்த அளவாக மாற்றிச் சொல்கிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். ஏப்பம் வந்தாலோ, வாய் கொப்பளித்த மவுத்வாஷ் தங்கியிருந்தாலோ எண் எகிறிவிடும். அதனால்தான் நியூ ஜெர்சியில் ஊதச் சொல்லும் முன் 20 நிமிடம் ஆளைக் கண்காணிக்க வேண்டும். அங்கே கருவியின் மென்பொருள் நிரலையே பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வழக்கு போனது. 2008-இல் மாநில உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு கருவியை ஏற்றது.

ரத்தம் நேரடி அளவு. ரத்தம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்பொருள் குறைந்தால் குழாயிலேயே நொதித்து ஆல்கஹால் உண்டாகலாம், சரி. ஆனால் மிச்ச மாதிரியை வேறு ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கலாம். ஊதிய மூச்சோ போனது போனதுதான். அதைச் சேமித்து வைக்க அரசியல் சாசனம் கட்டாயப்படுத்தவில்லை என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என் ஓட்டு ரத்தத்துக்குத்தான். போலீஸுக்கு வசதி என்னவோ ஊதல்: அதே உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்புப்படி, கைதுக்குப் பின் மூச்சைச் சோதிக்க வாரன்ட் வேண்டாம், ரத்தத்துக்குப் பொதுவாக வேண்டும்.