ஆன்டிலோப் கேன்யன் டிக்கெட்: தரகுத் தளங்களில் பணம் கட்டாதீர்கள்

லாஸ் வேகாஸில் கார் எடுத்து ஸயான், பேஜ், மானுமென்ட் வேலி என்று செம்பாறைப் பாலைவனத்தைச் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள், டிக்கெட் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன ஜூனில் நானும் கல்லூரி நண்பனும் ஒரு தரகுத் தளத்திடம் 428 டாலர் பறிகொடுத்தோம்.

அரிசோனாவில் பேஜ் ஊரை ஒட்டி இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு, நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். அப்பர், லோயர் என்று அதில் இரண்டு பகுதி. நாமாக உள்ளே நுழைய முடியாது; அனுமதி பெற்ற வழிகாட்டி நிறுவனத்தோடுதான் போக வேண்டும். சும்மா போட்ட விதி இல்லை அது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, பல மைல் தள்ளிப் பெய்த மழை லோயர் கேன்யனுக்குள் வெள்ளமாகப் பாய்ந்து 11 பேர் இறந்துபோனார்கள். ஆக, டிக்கெட் விற்கும் உரிமை சில நிறுவனங்களுக்கு மட்டும்தான். கோடையில் அப்பர் கேன்யனுக்குள் உச்சிவெயில் தூண் தூணாக இறங்கும். அந்த நேரத்து டிக்கெட்டுக்கு விலை அதிகம், தீர்ந்துபோவதும் அதுதான் முதலில். தரகர்கள் வலை விரிப்பது அங்கேதான்.

நாங்கள் தேடியபோது எல்லா நிறுவனங்களிலும் டிக்கெட் தீர்ந்துபோயிருந்தது. தேடலில் விளம்பரமாக மேலே வந்த ஒரு தளத்தில் மட்டும் 11 மணிக்கு இடம் இருந்தது. ஆளுக்கு 189 டாலர், கூடவே ‘ஹார்ஸ்ஷூ பெண்ட் நுழைவு’ (பேஜ் பக்கத்தில் ஆறு குதிரை லாடம் போல வளையும் இடம்) என்று ஆளுக்கு இன்னொரு 25. முகப்பில் அரசு முத்திரை மாதிரி ஒரு வட்டம் வேறு. பணம் கட்டியதும் வவுச்சர் வந்தது. எந்த நிறுவனம் கூட்டிப்போகும் என்று அதில் இல்லை, ‘இடம் முந்தைய நாள் தெரிவிக்கப்படும்’ என்று இருந்தது. நண்பன் சந்தேகப்பட்டு உதவி எண்ணுக்கு அழைத்தான். எல்லாம் உறுதி, நிம்மதியாக வாருங்கள் என்றார்கள். சொன்னபடி முந்தைய நாள், எங்கே வர வேண்டும் என்ற விவரமும் வந்தது.

அன்றிரவு கனாபில் தங்கினோம். கனாப் யூட்டாவில் இருக்கிறது. அரிசோனா கோடை நேரத்துக்கு மாறுவதில்லை என்பதால், ஜூனில் யூட்டா கடிகாரம் பேஜை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலமோ கோடை நேரத்துக்கு மாறும்! இது தெரிந்துதான் கடிகாரத்தைப் பேஜ் நேரத்துக்கு வைத்துக்கொண்டு கிளம்பினோம். 10.20க்கே அவர்கள் சொன்ன இடத்தில், டிக்கெட் கவுண்டரில் நின்றோம்.

அங்கே எங்கள் பெயரே இல்லை. வவுச்சரைப் பார்த்த பெண், “இது நாங்கள் கொடுக்கும் எண்ணே இல்லை. இந்த மாதம் இப்படி வருவது நீங்கள் முதல் ஆள் இல்லை” என்றார். உதவி எண்ணை அழைத்து, வெகுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் எடுத்தார். “உங்கள் டிக்கெட் நவஹோ நேரப்படி 11. பேஜ் நேரப்படி 10. நேரத்துக்கு வராததால் பணம் திரும்பக் கிடைக்காது” என்றார். நண்பன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். கவுண்டரில் இருந்த பெண் குறுக்கிட்டு, “இங்கே எல்லா டூரும் பேஜ் நேரத்தில்தான் நடக்கிறது” என்று சொன்னதுதான் தாமதம், லைன் கட். அந்தப் பொய்யில் இருக்கும் உழைப்பைப் பாருங்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவன் எங்கே குழம்புவான் என்று பாடம் படித்துவிட்டுத்தான் கடை போட்டிருக்கிறார்கள்.

ஹார்ஸ்ஷூ பெண்ட் விஷயம் இன்னும் கடுப்பு. அங்கே ஆளுக்கு நுழைவுக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. பேஜ் நகராட்சி காருக்கு 10 டாலர் பார்க்கிங் வாங்குகிறது, அவ்வளவுதான். (தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் அங்கே செல்லாது.) வவுச்சரை நீட்டியதும் பார்க்கிங்கில் இருந்தவர் சிரித்தார். 10 டாலரைத் தனியாகக் கட்டினோம்.

சாயங்காலம் லோயர் கேன்யனில் யாரோ ரத்து செய்த இரண்டு இடம் கிடைத்தது. வெயில் தூண் இல்லை, ஆனாலும் இரும்பு ஏணியில் இறங்கி அந்தப் பாறை வளைவுகளைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது.

நவஹோ நேஷனின் பூங்காத் துறை, அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் தன் தளத்தில் போட்டிருக்கிறது. அதிலிருக்கும் பெயரைப் பிடித்து, அந்த நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். மானுமென்ட் வேலிக்கும் இதே தரகர்கள் ‘முன்பதிவு’ விற்கிறார்கள். அங்கே 17 மைல் மண் சாலையைச் சொந்தக் காரில் சுற்ற வாசலில் ஆளுக்குக் கட்டணம் கட்டினால் போதும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள், அமெரிக்கக் கிரெடிட் கார்டு என்றால் பில் வந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ‘இந்தப் பெயரில் முன்பதிவு இல்லை’ என்று கவுண்டரில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நண்பன் அன்றே கேட்டு வாங்கிய அந்தத் துண்டுச் சீட்டால்தான் கேன்யனுக்குக் கட்டிய 378 டாலர் திரும்ப வந்தது. மீதி 50 இன்னும் இழுபறியில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் ஹார்ஸ்ஷூ பெண்டைப் பார்த்துவிட்டார்கள், எனவே சேவை வழங்கப்பட்டுவிட்டது என்று அந்தத் தளத்துக்காரர்கள் வங்கிக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள்.