பூட்டிய வாசிகசாலையும் புதிய வளைவும்: வலிகாமத்துப் பயணக் குறிப்பு

2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலுக்குப் பின்னர் இலங்கையின் உள்ளூராட்சி சபைகள் மீண்டும் கூடத் தொடங்கின. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துபோக, அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே அவற்றை நடத்தி வந்தனர். பணம் இல்லை என்று காரணம் காட்டி 2023 இல் தேர்தலைத் தள்ளிப்போட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையில் நாங்கள் அந்த ஆண்டு ஆவணியில் லண்டனில் இருந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியிலுள்ள எங்கள் ஊருக்குப் போனபோது புதிய தவிசாளரும் உறுப்பினர்களும் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆகவே இங்கு எழுதும் குறைகள் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனாலும் சபையின் பணம் எந்தப் பக்கம் பாய்கிறது, எந்தப் பக்கம் வற்றுகிறது என்பது ஊரில் சில வாரங்கள் இருந்தாலே தெரிந்துவிடுகிறது.

முதலில் குப்பை. பிரதான வீதிக்குச் சபையின் உழவு இயந்திரம் ஓரளவு ஒழுங்காக வருகிறது. ஒழுங்கைகளுக்குள் வருவது நிச்சயமில்லை. வரும் நாள் முன்கூட்டித் தெரிவதுமில்லை. அதனால் சனங்கள் பிளாஸ்ரிக்கையும் பொலித்தீனையும் வளவு மூலையில் போட்டுக் கொளுத்துகிறார்கள், கொளுத்த முடியாததை இரவில் ஆளில்லாக் காணிகளில் கொண்டுபோய் எறிகிறார்கள். சந்தைக்குப் பின்னால் செல்லும் வெள்ள வாய்க்கால் கோடையில் ஒரு குப்பைக் கிடங்காகவே காட்சியளித்தது. மாரி தொடங்கினால் அந்த நீர் எங்கே போகும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. மழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகுவதும் புதிய செய்தி அல்ல. ஒரு நாள் வீட்டு வாசலில் நின்ற சுகாதாரத் தொழிலாளி ஒருவரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "வாகனம் இருக்குது அண்ணை, ஏத்தி இறக்க ஆள் இல்லை. இருக்கிறதிலயும் பாதிப் பேர் நாள்கூலி" என்றார். வாகனம் வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்றில் கிடைத்ததாம். அதில் உதவி வழங்கியவர்களின் சின்னம் பளிச்சென்று இருந்தது.

இரண்டாவது, வாசிகசாலை. எங்கள் ஊரில் சபையின் உப நூலகத்துக்குப் புதிய கட்டடம் எழுப்பி, ஓடு பதித்து, திறந்துவைத்தவர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இரண்டு நூலகங்களை ஒரே நூலகர் கவனிப்பதால், வாரத்தில் பாதி நாட்கள் அது பூட்டியே கிடக்கிறது. திறந்திருந்த நாளில் போய்ப் பார்த்தேன். தமிழ்ப் புத்தகங்களில் அண்மைய பதிப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே இருந்தன. பல ஆண்டுகளுக்கு முந்திய வினாத்தாள் தொகுப்புகளே பெருமளவு இடத்தை அடைத்திருந்தன. சனசமூக நிலையத்தில் நிலைமை இன்னும் கீழே. சனசமூக நிலையங்களுக்குப் பத்திரிகை வாங்கச் சபை உதவுவது நெடுநாள் வழக்கம். எங்கள் சிறுவயதில் அங்கே மூன்று நான்கு நாளிதழ்கள் கிடந்தன. முதியவர்கள் அவற்றைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்கிட்டு வாசிப்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசி விலை ஏறி, பத்திரிகை விலையும் ஏறியபோது அந்த உதவி சுருங்கியது என்றும், பின்னர் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றும் நிலையத்தின் தலைவர் சொன்னார். இப்போது ஒரே ஒரு பத்திரிகை வருகிறது. சபை இதில் மிச்சம் பிடிக்கும் தொகை எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தெரு விளக்குகளின் கதையும் 2022 இல் இருந்தே தொடங்குகிறது. மின்சாரம் போதாமல் நாளுக்குப் பல மணிநேரம் இருளில் கிடந்த அந்த மார்ச் மாத இறுதியில், நாடு முழுவதும் தெரு விளக்குகளை அணைக்குமாறு அரசாங்கமே அறிவுறுத்தியது. மின்வெட்டு நீங்கிய பிறகும் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் பல மின்குமிழ்கள் திரும்ப எரியவில்லை. அதே சபை எல்லையின் பிரதான வீதியிலோ அலங்கார வளைவு ஒன்று புதிதாக நிற்கிறது. இரவில் அதன் வர்ண விளக்குகள் வெகுதூரத்துக்குத் தெரிகின்றன.

இலவச சித்த வைத்தியசாலை இயங்குகிறது. வைத்தியர் வருகிறார், மருந்துதான் மாதக் கடைசியில் தட்டுப்பாடாகிறது. மயானம் துப்புரவாக இருந்தது. ஊரார் தாமே சிரமதானம் செய்ததே காரணம்.

இவ்வளவையும் பார்த்தபின், பணமே இல்லை என்ற வழமையான விடையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. சோலை வரி (வீடு, காணிகளுக்கான வரி), வியாபார உரிமக் கட்டணம், கடைத்தொகுதி வாடகை, நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வை ஆகியவற்றால் ஒரு பிரதேச சபைக்கு வரும் வருமானம் பெரிதல்லத்தான். ஆனால் வீதி போடவும் கட்டடம் கட்டவும் மாகாணத்தில் இருந்தும் கொழும்பில் இருந்தும் வெளிநாட்டுத் திட்டங்களில் இருந்தும் மூலதன நிதி வந்துகொண்டுதான் இருக்கிறது. கட்டியதை நடத்துவதற்கான மீண்டுவரும் செலவுக்கு அப்படி யாரும் தருவதில்லை. புதிதாக ஒரு நிரந்தரத் தொழிலாளியை அமர்த்த வேண்டுமென்றால் ஆளணிக்குக் கொழும்பின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். நெருக்கடிக்குப் பின் அரச ஆட்சேர்ப்பே பெரும்பாலும் முடங்கிப்போயிருந்தது. இன்னொரு கோளாறும் உண்டு. நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிவதால், ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில் வேலைகள் ஐப்பசி, கார்த்திகையில்தான் மும்முரமாகின்றன. வடக்கில் அது மாரி காலம். மழைக்குள் போட்ட தார் அடுத்த மழையில் கழன்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதன் பெரிய வடிவத்தை யாழ்ப்பாண நகரிலேயே காணலாம். இந்திய அரசின் நன்கொடையில் பொது நூலகத்துக்கு அருகே எழுந்த, 11 மாடிக் கோபுரம் கொண்ட கலாசார மையம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அழகான கட்டடம் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதை நடத்தும் செலவை மாநகர சபை தனித்துத் தாங்க முடியாது என்ற பேச்சு திறப்பு விழாவுக்கு முன்பே எழுந்துவிட்டது. கட்டித் தருவதற்கு ஒரு நாடே முன்வருகிறது. மின் கட்டணத்துக்கும் துப்புரவுக்கும் யார் பொறுப்பு என்பதுதான் இழுபறியாகிறது.

இதை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குணம் என்றும் சொல்ல முடியாது. நான் வசிப்பது தென் லண்டனின் குரொய்டனில். அங்குள்ள உள்ளூராட்சி சபை 2018 இல் வருமானம் தேடி ஏறத்தாழ 3 கோடி பவுணுக்கு ஒரு ஹோட்டலை வாங்கியது. பின்னர் அதை நட்டத்துக்கு விற்றது. தானே தொடங்கிய வீடமைப்பு நிறுவனத்துக்குப் பெருந்தொகை கடன் கொடுத்தது. 2020 நவம்பரில் வரவுக்குள் செலவைக் கொண்டுவர முடியவில்லை என அறிவித்து, அதே அறிவிப்பை 2022 இலும் விடுத்தது. 2023 இல் சபை வரியை ஒரேயடியாக 15 வீதம் உயர்த்தியது. அடுத்த ஆண்டு நான்கு நூலகங்களை மூடியது. அவற்றில் ஒன்றான புரோட் கிரீன் நூலகம் தமிழர்கள் பலர் குடியிருக்கும் பகுதிகளுக்கு அண்மையில் உள்ளது. அங்கும் சூதாட்டம்போல் நடந்த முதலீட்டின் விலையை நூலகமே கொடுத்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: குரொய்டனில் கணக்காய்வாளரின் அறிக்கை எல்லோருக்கும் எட்டியது, அதை வைத்து மக்கள் கூட்டங்களில் கேள்வி கேட்டார்கள். எங்கள் ஊரில் அந்த வளைவுக்கு எவ்வளவு செலவானது என்று நான் கேட்ட எவருக்கும் தெரியவில்லை. சபை உறுப்பினர் ஒருவரே "அது போன நிர்வாகத்தின்ர காலத்து வேலை" என்று சொல்லி நகர்ந்தார்.

புலம்பெயர்ந்தவர்களின் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் திரட்டும் பணம் மண்டபமாகவும் மதிலாகவும் வளைவாகவும் மாறுகிறது. பெயர் பொறிக்க இடமுள்ள எதற்கும் நன்கொடையாளர் கிடைக்கிறார். சனசமூக நிலையத்துக்கு ஓராண்டு பத்திரிகைச் சந்தா கட்டுங்கள் என்றால், அதையெல்லாம் சபை பார்க்கட்டும் என்கிறார்கள். அதே ஆட்களின் பூட்டிய வீடுகளுக்கும் பற்றை மண்டிய காணிகளுக்கும் சோலை வரி நிலுவையில் கிடப்பதாகச் சபை அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தப் பற்றைக் காணிகளில்தான் ஊரார் இரவில் குப்பை எறிகிறார்கள்.

நல்லூர்த் திருவிழா நாட்களில் நகரைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் எழும். கோயிலைச் சுற்றிய வீதிகளில் இரவு பகலாகத் துப்புரவு நடக்கிறது, குடிநீர் வருகிறது, மலசலகூடம் இருக்கிறது. அந்த 25 நாட்களுக்குக் கிடைக்கும் ஒழுங்கில் பத்தில் ஒரு பங்காவது மீதி நாட்களில் ஒழுங்கைகளுக்குக் கிடைக்கக் கூடாதா?

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டு வரைவு ஆண்டிறுதியில் சபைக்கு வரும். அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆலோசனை கேட்கும் வழக்கம் உள்ளது; எங்கள் ஊரில் அதைப் போய்ப் பார்த்தவர் யாரையும் நான் சந்திக்கவில்லை. இம்முறை போய்ப் பார்ப்பதாகச் சனசமூக நிலையத் தலைவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் சொல்லியிருக்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் தெரு விளக்குத் திருத்தத்துக்கும் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவும் வளைவுக்கும் தனித்தனியே எவ்வளவு செலவிடப்பட்டது என்று கேட்டு, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆசிரியர் ஒரு விண்ணப்பமும் கொடுத்திருக்கிறார். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் விமானம் ஏறியபோது அந்தக் கெடு முடிந்திருக்கவில்லை.