சுவரைத் திறப்பதா, ஷட்டரைத் திறப்பதா?

இப்போது கட்டும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரே இருப்பதில்லை. வாசற்கதவைத் திறந்தால் அடுப்பு தெரியும். அதே சமையலறைக்குள் போய்ப் பாருங்கள், உப்பு ஜாடியிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை எல்லாமே ஷட்டருக்கு, அதாவது அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருக்கும். சமைக்கிறவர் முழுசாகத் தெரிகிறார், சமைக்க வேண்டிய பொருள் ஒன்றுகூடத் தெரிவதில்லை. இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

திறந்த சமையலறையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 800 சதுர அடி வீட்டில் ஒரு சுவர் போனால் ஹால் பெரிதாகத் தெரியும், ஹால் ஜன்னலின் வெளிச்சம் அடுப்பு வரைக்கும் வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், தோசை வார்த்துக்கொண்டே ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட், மேடிசன் நகரில் 1937-இல் கட்டிமுடித்த ஜேக்கப்ஸ் வீட்டில், சமையலறையைச் சாப்பாட்டு இடத்தோடு சேர்த்துத் திறந்துவிட்டார். வீட்டு வேலைக்கு ஆள் வைக்க வசதியில்லாத குடும்பங்களை மனதில் வைத்துப் போட்ட திட்டம் அது. சமைக்கிறவர் பின்னறையில் தனியாகக் கிடக்கக் கூடாது என்ற எண்ணம் இன்றைக்கும் சரியானதுதான்.

ஆனால் நாம் மிளகாய் வற்றல் தாளிக்கிறோம், மீன் வறுக்கிறோம். அந்தக் கார நெடி திரைச்சீலையிலும் சோபாத் துணியிலும் ஏறினால் லேசில் போகாது. மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் போன் பேச முடியாது. சிம்னி போட்டால் தீர்ந்தது என்பார்கள். புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் சிம்னி என்றால், குழாய் நீளம் குறைவாகவும் வளைவுகள் கம்மியாகவும் இருந்தால், ஓரளவு தீரும். கட்டடத்தின் முகப்பில் ஓட்டை போடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டால் பலரும் குழாய் இல்லாத வகையை வாங்கிவிடுகிறார்கள். அது எண்ணெயையும் கொஞ்சம் வாடையையும் பிடித்துக்கொண்டு, வெக்கையையும் ஈரத்தையும் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிறது. நம் ஊர் மே மாதத்துக்கு அது ஆகவே ஆகாது.

இன்னொரு பாரமும் உண்டு. எல்லோர் கண்ணிலும் படும் சமையலறையை எந்நேரமும் துடைத்தே வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951-இல் முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டுக்கு நாலு பக்கமும் கண்ணாடி. கட்டடக்கலை மாணவர்கள் இன்றைக்கும் கொண்டாடும் வீடு. அதைக் கட்டச் சொன்ன டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்தோ, சிங்குக்கு அடியில் ஒரு குப்பைக்கூடை வைக்க முடியவில்லை, ரோட்டிலிருந்து தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் தனியாக இருந்தவர். ஐந்து பேர் மூன்று வேளை சாப்பிடும் வீட்டில் அந்தப் பாரம் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, மூடிய சமையலறைக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து பின்பக்கம் வரை வாசல்கள் ஒரே நேராக நிற்கும், தெருவிலிருந்து பார்த்தால் பார்வை முற்றத்தைத் தாண்டி ஓடும். ஆனாலும் அடுப்படி கண்ணில் படாது. வளவு என்கிற முற்றப் பகுதியையும் இரண்டாம் கட்டையும் கடந்து பின்னால் போனால்தான் உண்டு. விறகுப் புகைக்கு அது தேவைப்பட்டது. அதற்கான விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். பேச்சும் முடிவுகளும் முன்கட்டில், வேலை பின்கட்டில். மூடிய சமையலறை வேண்டும் என்கிற நான் இதை மறைக்க மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-லேயே போட்டுக் காட்டிவிட்டார். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். அதற்கும் ஹாலுக்கும் நடுவில் அகலமான ஸ்லைடிங் கதவு. சமைக்கும்போது மூடலாம், பிள்ளைகளைப் பார்க்கத் திறந்துகொள்ளலாம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள் கைக்கெட்டும் உயரத்தில் வரிசையாக இருக்கும். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு வராமல் இருக்க. ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அளவில் பெண்ணை உள்ளே அடைத்துவிட்டது என்ற விமர்சனம் பின்னால் வந்தது, அதுவும் நியாயமே. எனக்கு அதில் பிடித்தது அளவு அல்ல, அந்தக் கதவும் அந்தப் பெட்டிகளும்.

நம் வீட்டுக்கு அதையே இப்படிச் செய்யலாம். மூன்று தடுப்புள்ள கண்ணாடி ஸ்லைடிங் கதவு, டிராக் மேலே தொங்கும் வகையாகப் பார்த்து. தரையில் சேனல் வைத்தால் அழுக்கு சேரும், பாட்டியின் கால் தடுக்கும். கதவுக்கு இடமில்லை என்றால் மேடை உயரத்தில் ஒரு பரிமாறும் ஜன்னல் போதும். புதுசாக ஃபிளாட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றிக் கட்டிய கட்டடத்தில் உள்சுவரும் கான்கிரீட்தான், அது பாரம் தாங்கும் சுவர். அதை உடைக்கவோ ஜன்னல் வெட்டவோ கூடாது.

இனி ஷட்டர் விவகாரம். கடப்பா கல் பலகை போட்ட பழைய அலமாரியைக் கேவலமாக நினைக்கிறோம். கல் ஊறாது, கரையான் தொடாது, எது தீர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். இன்றைய மாடுலர் கிச்சனில் முதலில் கெடுவது சிங்குக்கு அடியில் உள்ள அலமாரிதான். குழாய் மூட்டு சொட்டுச் சொட்டாகக் கசிவது மூடிய ஷட்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரிவதில்லை. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அடியிலிருந்து ஊதி, லேமினேட் உரிந்து, கரப்பான் குடியேறிய பிறகுதான் கவனிக்கிறோம். அந்த இடத்தைத் திறந்தே விடுங்கள். ஷட்டர் வேண்டும் என்றால் காற்றுப் போகும் சட்டம் வைத்தது போடுங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். மேடைக்கு அடியில் இறுக்கமான ஷட்டருக்குள் 14.2 கிலோ சிலிண்டரை அடைத்துவைத்தால், வாடை மூக்குக்கு வருவதற்குள் உள்ளே வாயு நிறைந்துவிடும். காற்றோட்டமான யூட்டிலிட்டி பக்கம் வைத்துக் குழாய் இழுப்பது நல்லது. முடியாதபோது ஷட்டரின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, தாராளமாக இடைவெளி விடச் சொல்லுங்கள். கார்பெண்டர் அழகு கெடும் என்பார். கெடட்டும்.

எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்லவில்லை. அடுப்புக்கு நேர் மேலேயும் பக்கத்திலும் திறந்த ஷெல்ஃப் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக்கொள்ளும், அந்த இடத்துக்கு ஷட்டர் சரி. தினம் எடுக்கும் தட்டு, டம்ளர், அஞ்சறைப் பெட்டி வெளியே இருக்கலாம், கழுவிக் காயவும் வசதி. பொங்கலுக்கு மட்டும் இறங்கும் பெரிய பானை லாஃப்ட்டில் மூடிக் கிடக்கட்டும்.

படுக்கையறையில் பாத்ரூம் சுவரையோ மழை அடிக்கும் வெளிச்சுவரையோ ஒட்டி வார்ட்ரோப் செய்யாதீர்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், பட்டுப்புடவையில் பூஞ்சை ஏறாது. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயை மறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பூசுவதற்கு முன் டேப்பைப் பிடித்து அளவோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும், அடுத்து ஆணி அடிக்கிறவர் குழாயில் அடிக்க மாட்டார்.