சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை பக்கம் யூனிட் நடத்துபவர்கள் கவனத்துக்கு: தண்ணீர் கான்ட்ராக்ட் விஷயம்

புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு பவுடர் கோட்டிங் யூனிட்டில் (இரும்புப் பொருள் மேல் பெயிண்ட் பவுடர் அடித்து அடுப்பில் சுடுவது) மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களுக்குத் தண்ணீர் கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி செய்த வேலையை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

பேச்சு இதுதான்: தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கும் ஆர்.ஓ. (மெம்பரேன் வழியாக), டிஎம் (ரெசின் வழியாக மீதி உப்பையும்) பிளான்ட் இரண்டையும் எங்கள் ஷெட்டில் அவர்களே நிறுத்தி, அவர்கள் ஆளே ஓட்டுவார். போர்வெல்லும் கரண்டும் எங்களுடையது. பொருளை அலசும் ரின்ஸ் டேங்குக்குப் போகும் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் பில், தொழிலாளர்கள் குடிக்க 20 லிட்டர் கேன், வெயில் காலத்தில் ஓ.ஆர்.எஸ்., எல்லாம் சேர்த்து மாதம் ஒரே பில். முதலாளிக்கு அந்த ஒரே பில் ரொம்பப் பிடித்துவிட்டது.

பேச வந்த அன்று சேல்ஸ் ஆள் ஒரு வித்தை காட்டினார். ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர், இரண்டிலும் கம்பி விட்டு கரண்ட் கொடுத்தார், எங்களுடையது சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது. சூப்பர்வைசர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியின் இரும்பு கரைந்து வருவது. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் நன்றாகப் பாயும், கம்பி கரையும். உப்பு எடுத்த தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். எந்த ஊர் போர் தண்ணீரை ஊற்றினாலும் இதே கூத்துதான் நடக்கும்.

முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் கஸ்டமரிடமிருந்து ரிஜெக்ட் வர ஆரம்பித்தது. பாஸ்பேட்டிங் (பவுடர் நன்றாகப் பிடிக்க இரும்புக்குக் கொடுக்கும் கெமிக்கல் பூச்சு) முடிந்து கடைசி அலசலுக்கு டிஎம் தண்ணீர் விடுவதே, இரும்பின் மேல் உப்பு தங்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்தத் தண்ணீரிலேயே உப்பு இருந்தால், காய்ந்ததும் அது அங்கேயே படியும், அதன் மேல் பவுடர் அடித்து 180, 200 டிகிரி அடுப்பில் ஏற்றி இறக்கினால் அன்றைக்குப் பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் சால்ட் ஸ்ப்ரே டெஸ்டில் (உப்புத் தண்ணீர் தூவித் துரு பிடிக்கிறதா என்று பார்ப்பது) வைத்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். எங்கள் கஸ்டமர் கேட்பது கண்டக்டிவிட்டி (தண்ணீரில் கரண்ட் பாயும் அளவு, உப்பு கூடினால் கூடும்) 30 மைக்ரோசீமென்ஸுக்குள். பேனலில் எப்போது பார்த்தாலும் 8. "சார், மீட்டர் பாருங்க, எங்க தண்ணி தங்கம், ஒங்க பவுடர்லதான் கோளாறு" என்று பிளான்ட் ஆபரேட்டர் அசராமல் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை பிளான்ட் நிற்கும்போதும் 8 காட்டியதுதான் உறுத்தியது. கஸ்டமரிடமே கையில் பிடிக்கும் மீட்டர் ஒன்று இரவல் வாங்கி, ரின்ஸ் டேங்குக்குத் தண்ணீர் வந்து விழும் குழாயிலேயே பிடித்துப் பார்த்தோம். (டேங்குக்குள் அளக்கக் கூடாது, பொருளோடு ஒட்டிவரும் கெமிக்கலும் சேர்ந்து காட்டும்.) முந்நூறைத் தாண்டியது. பேனலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், லைனில் இருக்க வேண்டிய ப்ரோப் (மீட்டரின் அளக்கும் முனை) ஒரு உப்பில்லாத பேட்டரி தண்ணீர் பாட்டிலுக்குள் சுகமாக உட்கார்ந்திருக்கிறது! ஆர்.ஓ. மெம்பரேனைத் தாண்டிப் போகும் பைபாஸ் வால்வு பாதி திறந்திருந்தது. ஆசிட், காஸ்டிக் விட்டு ரெசினை ரீஜெனரேஷன் (மறுபடி உப்பு பிடிக்கும்படி ஆக்குவது) செய்த அடையாளமே இல்லை, கெமிக்கல் செலவு மட்டும் மாதாமாதம் பில்லில் வந்துகொண்டிருந்தது.

குடிதண்ணீர் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மே மாதம் அடுப்புப் பக்கம் நிற்கிற பையன்களுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு. ஆளுக்கு ஆள் "ஓட்டல் சாப்பாடு" என்றார்கள். கேன் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று நைட் வாட்ச்மேனிடம் விசாரித்தபோது அவர் சாதாரணமாகக் கேட்டார்: "வண்டி எங்க சார் வருது? நம்ம ஷெட்டு பின்னாலதான புடிச்சு மூடி போடறாங்க, ஒங்களுக்குத் தெரியாதா?" எங்கள் போர், எங்கள் கரண்ட், எங்கள் ஷெட்டு, அந்தத் தண்ணீரையே ஸ்டிக்கர் ஒட்டி கேன் இத்தனை ரூபாய் என்று எங்களுக்கே விற்றிருக்கிறார்கள். அதுவும் அதே பைபாஸ் கலந்த தண்ணீர், மூடியில்லாத டேங்கிலிருந்து, கழுவாத கேனில். ஸ்டிக்கரில் இருந்த 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணைத் தேடினால் வேறு ஊரில் இருக்கும் யாரோ ஒருவருடைய லைசென்ஸ். லேபுக்கு அனுப்பினோம், ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) இருக்கிறது என்று வந்தது. குடிதண்ணீருக்கான ஐஎஸ் 10500 தரப்படி 100 மில்லியில் அது இருக்கவே கூடாது.

இதைக் கேட்டதும் அவர்கள் ஆள் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) பேனாவை நீட்டி "150தான் இருக்கு பாருங்க, 500 வரைக்கும் குடிக்கலாம்" என்றார். அந்தப் பேனா அளப்பது கண்டக்டிவிட்டியை, அதை ஒரு எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. டிடிஎஸ் 50 இருக்கிற தண்ணீரிலும் கிருமி வளரும், குளோரின் இல்லாமல் டேங்கில் கிடந்தால் நன்றாகவே வளரும்.

ஓ.ஆர்.எஸ். என்று பில் போட்டு வந்ததும் ஏதோ டெட்ரா பேக் இனிப்பு ஜூஸ். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஓ.ஆர்.எஸ். என்பது லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் அதற்கேற்ற உப்பும்தான், பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் கலப்பது. இப்போது மெடிக்கலில் பாக்கெட்டாக வாங்கிக் கலக்குகிறோம், மோரும் வைக்கிறோம், பையன்கள் மோரைத்தான் குடிக்கிறார்கள்.

டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை. "ஆபரேட்டர் செஞ்ச தப்பு, அவனை நிறுத்திட்டோம்" என்று ஒரே பாட்டு. கெமிக்கல் பில்லும் கேன் பில்லும் ஆபரேட்டர் போட்டதா என்றால் பதில் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் கான்ட்ராக்டரைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. தொழிலாளிக்கு நல்ல குடிதண்ணீர் கொடுப்பதை 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 18ஆவது பிரிவு ஃபேக்டரியின் பொறுப்பாகத்தான் வைத்திருந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சட்டத் தொகுப்பிலும் அது முதலாளியின் பொறுப்புதான்.

தண்ணீர் விற்பவனே அளந்தும் காட்டுகிற ஏற்பாடு உங்களிடம் இருந்தால், இன்றைக்கே பேனலுக்குப் பின்னால் போய் ப்ரோப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ரிஜெக்ட் லாட் விலைகூட ஆகாது. கேன் தண்ணீரை நீங்களே சாம்பிள் எடுத்து என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புங்கள், சப்ளையர் கொண்டுவந்து நீட்டும் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

அதே ஆட்கள் வேறு பெயரில் விசிட்டிங் கார்டு அடித்துத் திருபுவனைப் பக்கம் சுற்றுவதாகக் காதில் விழுந்தது. இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தால் பில்லையும் கேன் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், எங்கள் புகாரோடு சேர்த்துவிடலாம்.