காணாமல் போகும் ‘இ’: ஸ்கிரைபஸ் 1.4-உடன் 13 ஆண்டுகள்

கோலாலம்பூர் செந்தூலில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் இரவு பத்தரை மணிக்கு அழைத்தார். அவருடைய அப்பா 2016-இல் தவறியபோது கண்ணீர் அஞ்சலி அட்டையைப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் என் கடையில்தான் அடித்தோம். வருகிற ஆண்டு பத்தாம் ஆண்டு நினைவு நாள். படம், எழுத்து, கரை எதுவும் மாறக்கூடாது, தேதி மட்டும் மாறவேண்டும், அதையும் தன் கையாலேயே அடிக்கவேண்டும் என்று ஃபைலைக் கேட்டு வாங்கியிருந்தார். அதே எழுத்துரு அவரிடமும் இருக்கிறது.

“அண்ணே, எல்லாம் சரியாத்தான் வருது. ‘இ’ மட்டும் இல்ல. ‘றைவனடி சேர்ந்தார்’னு நிக்குது. பாக்கவே மனசு கேக்கல.”

ஸ்கிரைபஸ் என்பது நாங்கள் பக்கம் வடிவமைக்கும் கட்டற்ற மென்பொருள். அதன் புதிய பதிப்பான 1.6-இல் திறந்திருக்கிறார் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

“அப்ப நீங்க எதுல திறக்குறீங்க?” என்றார். அதற்குத் தொலைபேசியில் சொன்ன பதில் போதவில்லை. முழுப் பதில் இது.

நான் திறப்பது ஸ்கிரைபஸ் 1.4.8. என் கணினியில் ஓடும் லினக்ஸ் வகையான டெபியனில் இப்போது அது கிடையாது. 2019-இல் வந்த பஸ்டர் என்ற டெபியன் பதிப்போடு அதன் கதை முடிந்தது. 2021-இல் அடுத்த பதிப்பான புல்ஸ்ஐ வந்தபோது, சாளரம், பொத்தான்களைத் திரையில் காட்டும் கியூட்டி 4 நூலகத்தையே எடுத்துவிட்டார்கள். அதன்மேல் நின்ற 1.4-உம் போய், அந்த இடத்துக்கு 1.5 வந்தது. அன்றிலிருந்து என் கடைக் கணினிக்கான பொதியை, அதாவது நிறுவுவதற்கு ஏற்ற மென்பொருள் மூட்டையை, முழுக்க நானே கட்டிக்கொள்கிறேன். புல்ஸ்ஐ, புக்வார்ம், இப்போது டிரிக்ஸி என்று மூன்று டெபியன்களைக் கடந்து வந்திருக்கிறது அது. பெயர் ‘ஸ்கிரைபஸ்-பழசு’. அந்தப் பெயரை வைத்ததற்குக் காரணம் உண்டு: ‘ஸ்கிரைபஸ்’ என்றே விட்டிருந்தால் அடுத்த அப்டேட்டிலேயே டெபியனின் நிறுவல் கருவியான ‘apt’ அதைத் தூக்கிவிட்டு 1.6-ஐ வைத்துவிடும்.

இனி ‘இ’யின் விஷயம். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் அச்சகங்களில் தமிழ் என்பது 8-பிட் எழுத்துருதான். மொத்தம் 256 இடங்கள். பல எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்கு மேலே இருக்கும் 128 முதல் 255 வரையான இடங்களில் தமிழ் வடிவங்களை அடுக்கிவைத்திருப்பார்கள். எதை எங்கே வைப்பது என்பதற்குப் பல முறைகள் இருந்தன. என்னிடம் இருப்பவை டிஸ்கி முறையில் அமைந்தவை. அதில் ‘இ’ 173-ஆம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. யூனிகோடில் அந்த 173 மென்கோட்டுக்கு உரிய இடம். மென்கோடு என்றால், வரி உடையும் இடத்தில் மட்டும் தலைகாட்டி, மற்ற இடங்களில் மறைந்திருக்கும் கோடு. எனவே மென்கோட்டை முறைப்படி கையாளும் எந்த மென்பொருளும் நம் ‘இ’யை மறைத்துவிடும். பிற்காலத்து டிஸ்கி எழுத்துருக்களில் ‘இ’யை 254-இல் வைத்தது இதற்காகத்தான். நான் காசு கொடுத்து வாங்கிய நான்கு எழுத்துருக்கள் அதற்கு முந்தியவை. அவற்றைத் திருத்த உரிமம் இடம் தரவில்லை. விற்றவரைக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

1.4-உம் இதில் விலக்கில்லை. 2012 ஜனவரியில் 1.4.0 வந்ததும் போட்டேன். முதல் வாரமே ஒரு கல்யாணக் கார்டில் ‘இல்லத் திருமணம்’ என்பது ‘ல்லத் திருமணம்’ ஆகி வந்தது. வேறொரு கார்டில் வரிக் கடைசியில் ‘இ’ நிற்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. இரண்டு வருஷம் இதோடு மல்லுக்கட்டினேன். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ‘இ’யை வடிவமாக மாற்றி, படமாக எடுத்துவந்து, ஒவ்வொரு இடத்திலும் கையால் நகர்த்தி வைப்பேன். எழுத்தின் அளவை மாற்றினால் அத்தனை ‘இ’யையும் திரும்ப நகர்த்தவேண்டும். தைப்பூசச் சமயத்தில் தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸ்கள் ஒரே நாளில் ஏழெட்டு வரும். அதில் ‘இவ்வாண்டு’, ‘இலவச’, ‘இரவு’, ‘இனிதே’ என்று எத்தனை ‘இ’ இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

2014-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரைபஸ்ஸின் மூல நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். கல்லூரியில் படித்த சி++ கொஞ்சம் நினைவிருந்தது. மென்கோட்டுக்கு 173 என்று எண் கொடுத்திருந்த வரி அகப்பட்டது. அந்த எண்ணை எடுத்துவிட்டு, யாரும் தொடாத ஒரு தனிப்பயன் எண்ணைப் போட்டேன். ஒரே ஒரு வரி. கட்டி முடித்து, திறந்து, ‘இல்லம்’ என்று அடித்தேன். ‘இ’ வந்து நின்றது. வளைவும் சுழியுமாக, கறுப்பாக, முழுசாக. திரையை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். பினாங்கில் லெபோ பாசார் பக்கம் இரண்டு மெஷின் வைத்திருக்கும் ஓர் ஆள், தன் மொழியின் ஓர் எழுத்துக்காக உள்ளே போய் ஒரு வரியை மாற்றலாம். தடுப்பார் யாருமில்லை.

அந்த ஒரு வரியை உயிரோடு வைத்திருக்க நான் சுமந்துவரும் சுமை இருக்கிறதே, அதுதான் இத்தனை வருஷத்து எரிச்சல்.

1.4-க்கு கியூட்டி 4 வேண்டும். அதன் கடைசிப் பதிப்பு 4.8.7, 2015-இல் வந்தது. ஸ்கிரிப்ட் பகுதிக்கு பைத்தான் 2.7 வேண்டும், அதன் ஆதரவு 2020-இன் தொடக்கத்தோடு முடிந்தது. இரண்டையும் மூலத்திலிருந்து கட்டி, ஸ்கிரைபஸ்ஸோடு சேர்த்து ‘/opt’ கோப்புறைக்குக் கீழே தனியாக வைக்கிறேன். மற்ற மென்பொருள்கள் அவற்றைப் பார்க்கவே கூடாது. கியூட்டியிலிருந்து வெப்கிட், ஓப்பன் எஸ்எஸ்எல், எடுத்துக்காட்டுகள், டெமோக்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டாலும் என் கடைக் கணினியில் கட்டி முடியப் பொழுது விடிந்துவிடும். நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கருவி ஜிசிசி. டிரிக்ஸியில் இருக்கும் ஜிசிசி, சி++ நிரலைத் தானாக 2017-ஆம் ஆண்டுத் தர விதிப்படிதான் படிக்கிறது. பழைய நிரல் அதற்குப் பிடிபடாது. 98-ஆம் ஆண்டு விதிப்படி படி என்று கட்டளையோடு ஒரு கொடி, அதாவது ஒரு தேர்வுக் குறி, போட்டுச் சொல்லவேண்டும்.

புக்வார்முக்குப் போனபோது என் பழைய பொதி நிறுவவே மறுத்தது. லிப்டிஃப் 5 போய் லிப்டிஃப் 6 வந்திருந்தது. ஒரு படக்கோப்பு நூலகத்தின் எண் மாறியதற்காக எல்லாவற்றையும் மறுபடி கட்டினேன். டிரிக்ஸியில் ஜிசிசி 14. இதுவரை சி நிரலில் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனவற்றை அது பிழை என்று நிறுத்துகிறது. இரவு ஒன்றரை மணிக்குத் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். விதியைத் தளர்த்தும் கொடியைப் போட்டுத்தான் தாண்டினேன். அதோடும் முடியவில்லை. மென்பொருளைக் கட்ட உதவும் சி-மேக் கருவியின் 4-ஆம் பதிப்பு, தன் 3.5-க்கு முந்திய பதிப்புகளுக்கு எழுதிய கட்டுக்கோப்புகளை ஏற்பதில்லை. டிரிக்ஸியில் இருப்பது 3.31 என்பதால் இந்த முறை தப்பித்தேன். அடுத்த டெபியனில் அந்த வேலையும் காத்திருக்கிறது.

கோபத்தில் டெபியன்காரர்களைத் திட்டியிருக்கிறேன். அது நியாயமில்லை. பத்து வருஷமாக யாரும் பாதுகாப்பு ஓட்டை அடைக்காத நூலகத்தை லட்சக்கணக்கான கணினிகளில் எப்படி வைத்திருப்பார்கள்? ஸ்கிரைபஸ் ஆக்கியவர்கள்மேலும் தவறில்லை. 173 மென்கோடுதான், அங்கே ‘இ’யைக் குடிவைத்தது நாம். இதையெல்லாம் பகலில் ஒப்புக்கொள்கிறேன். இரவு ஒன்றரை மணிக்குச் சிவப்பு வரிகளைப் பார்க்கும்போது ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

இத்தனைக்கும் பிறகு 1.4 எனக்குத் தருவது என்ன? 2013-இல் அடித்த நோட்டீஸைத் திறந்தால் ஒரு மயிரிழை நகராமல் அப்படியே வருகிறது. கோயில்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் அதே நோட்டீஸைத்தான் கேட்கிறார்கள். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து கிளம்பும் நேரம், தங்க ரதத்தின் நேரம், பந்தலில் அன்னதானம், உபயகாரர் பெயர், இவ்வளவுதான் மாறும். கால் மணி நேரத்தில் புரூஃப் கொடுத்துவிடுவேன். 1.6-இல் அதே ஃபைலைத் திறந்தால் ‘இ’ போவது ஒருபுறம், எழுத்தை அடுக்கும் முறையே வேறாகிவிட்டதால் வரிகள் கொஞ்சம் நகர்கின்றன. ஒரு நோட்டீஸில் உபயகாரர் பட்டியலின் கடைசிப் பெயர் கட்டத்துக்கு வெளியே போய் மறைந்திருந்தது. பிளேட் போடுவதற்கு முன்னால் கண்ணில் பட்டது. பட்டிருக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?

1.4-இன் குறைகளையும் சொல்லவேண்டும். புதிய 4கே திரையில் அதன் பொத்தான்கள் எள்ளளவுக்குத் தெரிகின்றன. கியூட்டி 4-க்குத் திரையின் அடர்த்திக்கு ஏற்பத் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளத் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, திரையின் அளவையே குறைத்துவைத்து வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் யூனிகோடில் அனுப்புகிறார்கள். அதை அப்படியே 1.4-இல் ஒட்டினால் ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எனவே டிஸ்கிக்கு மாற்றித்தான் ஒட்டவேண்டும். எழுத்துமுறை மாற்றும் ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும் என்பது பெரிய உதவி. அதைச் சுற்றி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு பதிப்புக்கும் கோப்பின் பின்னொட்டு ஒன்றேதான். 1.6-இல் திறந்து சேமித்துவிட்டால் 1.4 அதைத் திறக்காது. கடையில் வேலை பார்க்கும் பெண், அவசரத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழாக் கார்டை 1.6-இல் சேமித்துவிட்டார். அவர்மேல் தவறில்லை, இரண்டுக்கும் ஒரே ஐகானைப் பொதியில் விட்டிருந்தது நான். மறுநாளே பழசின் ஐகானுக்குத் தடித்த சிவப்புக் கரை போட்டு, மெனுவில் ‘பழைய எழுத்துரு ஃபைல்களுக்கு மட்டும்’ என்று தமிழில் எழுதி, பொதியை மறுபடி கட்டினேன். அதற்குப் பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை. பொதி கட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். என் கடையில் இருக்கிறவர்களுக்குப் புரியும் சொல்லில் மெனு எழுத முடிகிறது.

இனி 1.6. யூனிகோட் தமிழை அது அடுக்குவது அழகு. 1.5.3-இல், 2017-இல், ஓமான் நாட்டு ஹோஸ்ட் ஓமான் குழு அரபிக்காகத் தொடங்கிய வேலை, எழுத்துகளை இணைத்து அடுக்கும் ஹார்ஃபஸ் நூலகத்தின் வழியாக ஸ்கிரைபஸ்ஸுக்குள் வந்தது. அவர்கள் அரபிக்குத் திறந்த கதவில் தமிழும் நுழைந்துவிட்டது. ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ எல்லாம் அதனதன் இடத்தில் விழுகின்றன. அடித்த எழுத்தைத் தேடலாம், பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டலாம். 2024-இல் 1.6.0 வந்ததிலிருந்து புதிய வேலைகள் அத்தனையும் அதில்தான். இப்போது ஒருவர் புதிதாக அச்சகம் தொடங்கினால் என் பழசின் பக்கம் எட்டிப் பார்க்கவே தேவையில்லை. பழைய ஃபைல் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: முடிந்தால் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பராமரிப்பில்லாத நூலகங்களை இணையத்தோடு இணைந்த கணினியில் வைத்திருப்பது சரியில்லை. என் கடையில் பழசு ஓடும் அந்த ஒரு கணினிக்கு இணையம் இல்லை, ஃபைல்கள் பென்டிரைவில்தான் போய்வருகின்றன.

செந்தூல் நண்பருக்கும் இதையேதான் சொன்னேன். “ஒரு பக்க கார்டு. யூனிகோட் எழுத்துருவில திரும்ப அடிங்க, ஒரு மணி நேர வேலை. என் பொதி வேண்டாம்.” சரி அண்ணே என்றார். மறுநாள் மாலை அடித்து முடித்த பிடிஎஃப்பை அனுப்பினார். எழுத்தெல்லாம் இருந்தது, வரியெல்லாம் நேராக இருந்தது. ‘இறைவனடி’யும் இருந்தது.

கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “அப்பா கார்டு மாதிரி இல்லண்ணே.”

2016-இன் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பழைய எழுத்துருவில் ‘இ’யின் சுழி கொஞ்சம் கீழே தாழ்ந்து, அடுத்த றகரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். புதியதில் இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கின்றன.

தைப்பூசம் முடிந்ததும் கோலாலம்பூர் போகிறேன். பென்டிரைவில் ஸ்கிரைபஸ்-பழசு 1.4.8, டிரிக்ஸிக்குக் கட்டியது, எடுத்து வைத்தாகிவிட்டது. இணையம் இல்லாத ஒரு கணினியை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.